சில்லு விலகிய கால்

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். பள்ளி மைதானத்தில் கோகோ விளையாடிக்கொண்டிருந்தோம். நான் வரிசையில் குந்தியிருந்தேன். பின்னால் ஓடிவந்தவள் என் முதுகில் தட்டி "கோ" என்று கத்தினாள். எழுந்து இடப்பக்கம் திரும்பி ஓட வேண்டும். எழுந்தேன். உடம்பு திரும்பிவிட்டது, வலது பாதம் மட்டும் மண்ணில் ஊன்றியபடியே நின்றுவிட்டது. முட்டிக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கமாகப் போனது. விழுந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில், காலின் வெளிப்புறத்தில், தோலுக்கு அடியில் ஒரு மேடு துருத்திக்கொண்டு நின்றது. என் கால் மாதிரியே இல்லை. அதைப் பார்த்துத்தான் அலறினேன். வலி அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

விளையாட்டு டீச்சர் ஓடிவந்து காலைப் பிடித்து நீட்டினார். டொக் என்று ஒரு சத்தம். முட்டிச்சில்லு தன் இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட்டார்கள். "சுளுக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அப்பால், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில் இருக்கிறது. எலும்பு, சுளுக்கு எதுவானாலும் அப்போது கட்டுப் போடுகிறவரிடம்தான் போவோம். அப்பா மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கட்டுப் போடுகிறவர் முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றினார். கட்டைப் பிரித்தபோது கால் மெலிந்து வாழைத்தண்டு போல வெளுத்துக் கிடந்தது. வீக்கம் இல்லை. நடந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

அடுத்த வருஷம் வரப்பில் போகும்போது மறுபடி விலகியது. நடவு வயலில் இருந்த அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஈர வரப்பில் கால் லேசாகத் திரும்பியது, அதற்கே சில்லு வெளியே போய்விட்டது. தூக்கோடு வயலுக்குள் விழுந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையிலிருந்த நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகு பேருந்துப் படியில் ஒருமுறை. மாதா கோயிலில் பூசையின்போது முழந்தாளிட்டு எழுந்த நேரத்தில் ஒருமுறை. அன்று பாடல் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் முழுவதும் அப்படியே நின்றுபோனது. சாமியார் பீடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

போகப்போக நானே அதைத் திரும்ப வைக்கக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கையைச் சில்லின் வெளிப்பக்கம் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டே காலை மெதுவாக நீட்ட வேண்டும். அந்தச் சில நொடிகளில் யாரும் என்னைத் தொடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காதது போல நடப்பேன்.

வலி வரும், போகும். பயம் போகவில்லை. படி இறங்குவதற்கு முன் நிற்பேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பமாட்டேன், உடம்பு முழுவதையும் சிறுசிறு அடியாக வைத்துத் திரும்புவேன். மழை பெய்த தரை, கூழாங்கல், பாசி படிந்த குளத்துப் படி, சாணி மெழுகிய வாசல் எல்லாவற்றையும் முன்கூட்டியே கண் தேடும். நான் கல்லூரிக்குப் போய்வந்த மன்னார்குடி எனக்கு இன்றும் தரையாகத்தான் நினைவில் இருக்கிறது. அதன் கட்டடங்களை நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

அம்மா வெளியில் யாரிடமும் சொல்லமாட்டாள். "சுளுக்கு"தான். எங்கள் தெருப் பெண்கள் கேட்டால், "சத்துப் பத்தல புள்ளைக்கு" என்பாள். கல்யாணப் பேச்சு வரும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கல்யாணத்தில் ஆசை இல்லை. போலீஸில் சேர வேண்டும் என்றுதான் ஆசை. அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தாரின் வயல்களில் கூலிக்குப் போனவர்கள். பிற்பாடுதான் அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். ஒருமுறை தண்ணீர் பாய்ச்சுவதில் தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. விசாரிக்க ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். கறுத்து, மெலிந்து, எங்கள் வீட்டுப் பெண் மாதிரியே இருந்தார். அந்தப் பக்கத்துப் பெரிய ஆட்கள் எழுந்து நின்றார்கள். கைகட்டி நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "நீங்க உக்காருங்கய்யா. உக்காந்து சொல்லுங்க" என்றார் அவர். அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசினார். அப்பா அவர்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

பட்டப்படிப்பு முடித்ததும் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். எங்கள் தெருவில் என்னோடு படித்த தோழி ஒருத்தியும் போட்டாள். விடியற்காலையில் வாய்க்கால் கரை ரோட்டில் இரண்டு பேரும் ஓடுவோம். முட்டியில் எலாஸ்டிக் உறையை இறுக்கி மாட்டிக்கொள்வேன். நேராக ஓடினால் சில்லு ஒன்றும் செய்யாது. திரும்பும்போதும் தாவும்போதும்தான் பயம். வீட்டுக்குப் பின்னால் மணலைக் கொட்டி நீளம் தாண்டிப் பழகினேன். ஒருமுறைகூட விலகவில்லை. அதுவே ஒரு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்துத் தேர்வில் இருவருமே தேறினோம். உடல்திறன் தேர்வுக்கு ஆயுதப்படை மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். ஓட்டத்தை நல்லபடியாக முடித்தேன். அடுத்து நீளம் தாண்டுதல். ஓடிவந்து இடது காலை ஊன்றி எழும்பினேன். காற்றில் இருக்கும்போதே நல்ல தாண்டல் என்று தெரிந்துவிட்டது. மணலில் இறங்கியபோது வலது கால் கொஞ்சம் கோணலாக விழுந்தது. டொக்.

எழுந்திருக்காமல் மணலிலேயே கிடந்து, உள்ளங்கையை வைத்துத் தள்ளி, காலை நீட்டினேன். உள்ளே போய்விட்டது. அளவெடுக்க வந்த பெண் காவலர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"மேடம், இன்னொரு தடவை தாண்டலாம்ல?"

"தாண்டலாம்மா. ஒன்னால முடியுமா?"

"முடியும் மேடம்."

ஓட ஆரம்பித்தேன். முட்டி அதற்குள் பானை போல வீங்கிவிட்டது. நாலைந்து அடியிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காவலர் வந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். "பாப்பா, வயசு இருக்குல்ல? மொதல்ல காலைப் பாரு. அடுத்த தடவை வரலாம்" என்றார். நல்ல மனுஷி. அவர் தோளில் சாய்ந்து மைதானத்தைக் கடந்து வந்தேன். தோழி வரிசையில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்துவிட்டதால் வரமுடியவில்லை.

அந்த "அடுத்த தடவை"யைப் பிடித்துக்கொண்டுதான் தஞ்சாவூருக்கு டாக்டரிடம் போனேன். அம்மாவும் அப்பாவும் கூட வந்தார்கள். டாக்டர் காலை நீட்டச் சொல்லி, சில்லைக் கட்டைவிரலால் வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"பயப்படாதம்மா. இந்தப் பயத்தைப் பாக்கத்தான் தள்ளினேன்" என்றார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். முட்டிச்சில்லு தொடை எலும்பின் நுனியில் உள்ள ஒரு வாய்க்கால் போன்ற பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. எனக்கு அந்தப் பள்ளம் பிறவியிலேயே ஆழம் குறைவு. சில்லு வெளியே போகாமல் உள்பக்கத்திலிருந்து ஒரு தசைநார் இழுத்துப் பிடித்திருக்கும். முதல்முறை விலகியபோதே அது அறுந்துவிட்டது. அதன்பின் பிடிக்க ஆளில்லை.

"கட்டுப் போட்டதுல சேரலியா?" என்று அப்பா கேட்டார்.

"கட்டுல தப்பில்லங்க. சில பேருக்குச் சேரும். இவளுக்குச் சேரல. இத்தனை தடவை விலகினதுக்கு அப்புறம் ஆபரேஷன்தான் வழி. தொடைக்குப் பின்னாலேர்ந்து ஒரு நார் எடுத்து, அறுந்துபோன எடத்துல புதுசா வச்சுத் தைக்கணும். எலும்புல துளை போட்டுப் பொருத்துவோம்."

"ஓடலாமா டாக்டர்?" என்றேன் நான்.

"பயிற்சி ஒழுங்கா பண்ணினா ஓடலாம். ஆபரேஷன் எங்க வேலை. அதுக்கப்புறம் மடக்குறதும் நீட்டுறதும் ஒன் வேலை. அது ரொம்ப முக்கியம்மா."

எழுந்திருக்கும்போது அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் அதைக் கவனித்தார். "ஒங்க முட்டி எப்படிம்மா இருக்கு?"

"அது கெடக்கு டாக்டர். இவளப் பாருங்க" என்றாள் அம்மா.

சிறுவயதிலிருந்து சேற்றில் குனிந்து நட்டவள். அவள் முட்டிகள் எப்போதோ தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழமுடியாது, எழுந்தால் முதல் சில அடிகளுக்குத் தள்ளாடுவாள். அதை எங்கள் வீட்டில் யாரும் நோய் என்று நினைத்ததில்லை. நடவுக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள். வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும், எனக்காக மணல் பாதையில் முட்டி போட்டு நடப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

"ஒன் முட்டி இருக்குற இருப்புக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் அப்பா.

"முட்டிக்காகத்தானே கேக்குறேன். வேற எதக் குடுத்துக் கேக்குறது?" என்றாள்.

அப்பா பேருந்து நேரம் விசாரிக்கப் போனார்.

போன அன்று நல்ல வெயில். அம்மா புடவையை முட்டிக்கு அடியில் மடித்துச் செருகிக்கொண்டு, கையில் மெழுகுவத்தியைப் பிடித்தபடி மணலில் முட்டி போட்டாள். முன்னாலும் பின்னாலும் நிறையப் பேர். ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு போய்க்கொண்டிருந்தாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நடந்தேன். நேர்த்திக்கடன் எனக்காக, நடந்தது நான், முட்டி போட்டது அவள். பாதி வழியிலேயே அம்மாவின் முகம் கோணிவிட்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். ஒவ்வொரு முட்டியாக மணலில் பதித்து இழுக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு சிறு சத்தம் வந்தது.

"போதும்மா. எந்திரி. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

"பேசாம வா. நீ பேசுனா செபம் விட்டுப்போவுது."

கடைசிவரை போனாள். போய்ச் சேர்ந்ததும் அவளால் எழ முடியவில்லை. அப்பா ஒரு கையையும், யாரோ முன்பின் தெரியாத அம்மாள் இன்னொரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். புடவையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு முட்டிகளும் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தன. அம்மா சிரித்தாள். வேலையை முடித்துவிட்டவளின் சிரிப்பு. "இனிமே ஒனக்கு ஒண்ணும் ஆவாது புள்ள" என்றாள்.

அந்த வீக்கம் வடியவே இல்லை. தோல் காய்ந்துவிட்டது. ஆனால் உள்ளே நீர் கோத்துக்கொண்டு முட்டிகள் உருண்டு திரண்டுவிட்டன. எண்ணெய் தேய்த்தாள், எருக்கிலையை வாட்டிக் கட்டினாள். அந்த வருஷம் சம்பா நடவுக்கு அவள் இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நடவுக்கும் இறங்கவில்லை.

எனக்கு ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் கால் தயாராகிவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்பட்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கால் இருப்பதே தெரியவில்லை. ஆனால் காது கேட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட வரும் ஆசாரியின் கையில் இருப்பது போன்ற துளைக்கும் கருவியின் சத்தம் எழுந்தபோது, மேசையோடு சேர்ந்து என் உடம்பும் அதிர்ந்தது. என் எலும்பில் துளை போடுகிறார்கள் என்று தெரிந்தது, வலியே இல்லை. அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எல்லாம் புதிதாகப் பொருத்தப்படுகிறது என்று தோன்றியது.

"நல்லா பிடிச்சிருக்கும்மா. இனிமே வெலகாது" என்றார் டாக்டர்.

தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளும் பிரேஸ் மாட்டி, வாக்கரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிசியோதெரபி மேடம் அதற்குமுன் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்திருந்தார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும். குதிகாலைப் படுக்கையில் இழுத்துக்கொண்டே முட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது நேரில் வந்துவிட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்த மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் வடிகால் சரியில்லாத பூமி. மேலே பெய்கிற தண்ணீரும் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். வயல், வாய்க்கால், ரோடு எல்லாம் ஒன்றாகிவிட்டன. பேருந்து நின்றுபோனது. நட்ட பயிர் மூழ்கிக் கிடந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் போய் வரப்பை வெட்டிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் முழங்காலளவு சேறு. ஒரு கால் மடங்காத பெண் வாக்கரை ஊன்றி அதில் எங்கே போவது?

பிசியோதெரபி மேடத்துக்கு போன் செய்தேன். அவர் பதறிப்போனார். "இப்பதான் மடக்கணும். விட்டா உள்ள எல்லாம் ஒட்டிக்கும். வீட்ல யாரையாவது மெதுவா மடக்கிவிடச் சொல்லுங்க. வலிக்கும், பரவால்ல."

அப்பா கணுக்காலைப் பிடித்தார். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்பா மடக்கினார். நான் கத்திய கத்தலில் தெருவே வந்து எட்டிப்பார்த்தது.

"விடுங்க! விடுங்கன்னா! தையல் பிரிஞ்சுறப் போவுது!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா விட்டுவிட்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுநாளும் முயன்றோம், அதற்கு மறுநாளும். கொஞ்சம் மடங்கும், பிறகு சுவரில் முட்டியது போல நின்றுவிடும். அதற்கு மேல் தள்ள அப்பாவுக்கு மனம் வரவில்லை. நானே செய்து பார்த்தேன். வலி வந்ததும் என் கால் என் பேச்சைக் கேட்காமல் தானே விறைத்துக்கொண்டது.

தண்ணீர் வடிந்து, அழுகிய பயிரின் நாற்றம் ஊரெங்கும் அடித்துக்கொண்டிருந்தபோது தஞ்சாவூருக்குப் போனோம். கால் மடங்காததால் பேருந்தின் கடைசி நீள இருக்கையில் காலை நீட்டிப் போட்டபடி போனேன். பிசியோதெரபி மேடம் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே பயிற்சியைத் தொடங்கினார். மாதக்கணக்கில் போய்வந்தேன். வெந்நீர் ஒத்தடம், மெழுகு ஒத்தடம், காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷின். கடைசியில் மயக்கமருந்து கொடுத்து டாக்டரே அழுத்தி மடக்கினார். நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கியது. அதோடு நின்றுவிட்டது.

டாக்டர் சில்லை மறுபடி கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "நார் அருமையா பிடிச்சிருக்கு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெலகக் கூடாதுன்னுதான் பண்ணோம். அது நடந்துருச்சும்மா. ஆனா போலீஸ், ஓட்டம், தாண்டல்... அத நான் ஒன்கிட்ட சும்மா சொல்லக் கூடாது."

"குந்த முடியுமா டாக்டர்?"

"கஷ்டம்மா."

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மழை மீது கோபப்பட்டு என்ன செய்வது? அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேருந்துகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த தேர்வு அறிவிப்பு வந்தது. முதல் முறை குண்டு எறிதலில் கோட்டைவிட்ட தோழி இந்த முறை எல்லாவற்றிலும் தேறினாள். பயிற்சிக்குப் போவதற்கு முன் இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன்னாலதான்டி நான் ஓடக் கத்துக்கிட்டேன்" என்று அழுதாள். நான் சிரித்துக்கொண்டே லட்டுவைத் தின்றேன். அவள் போன பிறகு பின்பக்கம் போய் வாயில் விரலைவிட்டு அதை வெளியே எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவள் மீது பொறாமைகூட இல்லை. அந்த இனிப்பு உள்ளே தங்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது. அதற்கடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது கடந்துவிட்டது.

இப்போது கடைத்தெருவில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கணினியில் பதிவு செய்து கொடுப்பேன். மேசைக்கு அடியில் காலை நீட்டிப் போட ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் எலும்புக்குள் துளை போட்ட இடம் குடைகிறது. வீட்டில் கக்கூசை மேற்கத்திய முறைக்கு மாற்றினோம். அது எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் அக்கா, நான் காப்பி கொடுத்துவிட்டுத் தரையில் உட்காராமல் நிற்பதைப் பார்த்து, "கால்ல என்ன?" என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சென்ற வருஷம் எனக்கு லீவாக இருந்த ஒரு பிற்பகல், அப்பா வயலுக்குப் போயிருந்தார். பின்பக்கம் குழாயடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா சேற்றில் கிடக்கிறாள். குடம் உருண்டு கிடக்கிறது. முட்டி சட்டென்று கைவிட்டிருக்கிறது.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்ல. தூக்கிவுடு."

தூக்க வேண்டுமானால் குந்த வேண்டும். என்னால் குந்த முடியாது. இடுப்பை வளைத்து நின்றபடி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவளும் எம்பினாள். அவள் முட்டிகள் மடங்கி ஊன்ற மறுத்தன. என் கால் அந்த அளவுக்கு மடங்க மறுத்தது. ஈரத்தில் எனக்கும் சறுக்கியது. அவள் பக்கத்திலேயே, வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். இனி நானும் எழ முடியாது. பிடித்து எழ அங்கே சுவரும் இல்லை, மரமும் இல்லை. தெருவைப் பார்த்துக் கூப்பிட்டேன். எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி எங்கள் துணிகளை நனைத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்ந்துபோனோம். அம்மா என் வலது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைட்டி விலகி ஆபரேஷன் தழும்பு தெரிந்தது. அதன்மேல் சேற்றுக் கையை வைத்தாள்.

"மாதா என் முட்டிய எடுத்துக்கிட்டாங்க. சரி, எடுத்துக்கட்டும்னுதானே குடுத்தேன். ஒனக்கும் குடுக்காம எங்கதான் கொண்டுபோய் வச்சாங்க?"

அம்மா மாதாவைக் குறைசொல்லி அன்றுதான் கேட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன பொருளைத் தேடுகிறவள் கேட்பது போலக் கேட்டாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வராத அழுகை. வெயில் சாய்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலை முடிந்து வந்து எங்கள் இருவரையும் தூக்கிவிட்டார்கள்.

இந்தத் தைக்குப் பிறகு மன்னார்குடியில் பேருந்தைவிட்டு இறங்கும்போது, நான் வலது காலைக் காப்பாற்ற எப்போதும் போல எடையை இடது காலில் போட்டேன். இடது சில்லு விலகியது. அந்தக் காலில் அதுதான் முதல் முறை. அப்படியே படியில் உட்கார்ந்து, கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கையால் தள்ளினேன். கை மறக்கவே இல்லை.

பழைய டாக்டரிடமே தனியாகப் போனேன். ஸ்கேனைப் பார்த்தார். அந்தக் காலிலும் பள்ளம் ஆழமில்லை. வலது காலின் பாரத்தையும் இத்தனை வருஷம் அதுதான் சுமந்திருக்கிறது என்றார். "இந்தத் தடவை மழைக்காலத்துல வேணாம். வெயில் காலத்துல பண்ணிக்கலாம். இங்கயே பக்கத்துல தங்கி பிசியோதெரபி பாத்துட்டுப் போலாம்" என்றார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது அறுவடை மெஷின் எங்கள் குத்தகை வயலில் இறங்கியிருந்தது. அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் ரோட்டிலேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"அந்தக் கால் மாதிரியே இதுக்கும் பண்ணணுமாம்."

மெஷின் இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருந்தது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி முகத்தைத் துடைத்தார்.

"எப்ப வரச் சொன்னாரு?"

"நாமதான் சொல்லணுமாம்."

"நீ என்ன நெனைக்கிற?"

"தெரியலப்பா."

"அம்மாக்கிட்ட இப்ப சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினார். நான் வீட்டுக்கு நடந்தேன். இப்போது இரண்டு கால்களுமே நம்பிக்கையில்லாதவை. எந்தக் காலை முன்னால் வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து நடந்தேன். அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தூரத்திலிருந்தே என் நடையைப் பார்த்துவிட்டாள்.

"டாக்டர் என்ன புள்ள சொன்னாரு?"

"மாத்திரை குடுத்துருக்காரும்மா" என்றேன்.

அவள் என் இடது முட்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தாள்.